மடிப்புக்குள் ஒரு கணக்கு

'கனச்செவ்வகம்' என்ற வார்த்தையைக் கடைசியாக எப்போது உச்சரித்தீர்கள்? ஒன்பதாம் வகுப்போடு சரி என்றால் கவலை வேண்டாம். உங்களுக்குத் துணையாகப் பெரிய கூட்டமே இருக்கிறது. தீப்பெட்டி, செங்கல், சோப்பு டப்பா, பீரோ, இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் எல்லாமே கனச்செவ்வகம்தான். காலையிலிருந்து ராத்திரி வரை அதைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

அதன் புறப்பரப்புக்கு ஒரு சூத்திரம் உண்டு. மொத்தம் ஆறு முகம். மேலும் கீழும் ஒரு ஜோடி, முன்னும் பின்னும் ஒரு ஜோடி, இடமும் வலமும் ஒரு ஜோடி. ஜோடிக்குள் இரண்டும் சமம். ஆகவே மூன்று முகங்களின் பரப்பைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் வேலை முடிந்தது. 2 (நீளம் × அகலம் + அகலம் × உயரம் + உயரம் × நீளம்). இதைத் தலைகீழாக ஒப்பித்து ஐந்து மார்க் வாங்கியவர்கள் நாம்.

"இது எதுக்கு சார் உதவும்?" என்று எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். "நாளைக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேணாமா?" என்பார் கணக்கு வாத்தியார். அத்தோடு விவாதம் முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் யாரும் சூத்திரம் போட்டு நான் பார்த்ததில்லை. சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு "இருபது லிட்டர் ஆகும்ணா" என்பார். பத்தொன்பதரை ஆகும்.

இந்தச் சூத்திரத்தை வைத்துத் தினம் சோறு சாப்பிடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஓசூருக்குப் போக வேண்டும்.

ஓசூர் தெரியும்தானே? பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர். இந்தப் பக்கம் ஜூஜூவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, நடுவில் மாநில எல்லை. 1971-ல் ஆரம்பித்த சிப்காட், இங்கே தொழிற்பேட்டை போட்டது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய பெயர்கள் 1980-களில் ஊரை மாற்றின. பெரிய கம்பெனிக்குப் பின்னால் சின்னக் கம்பெனி, அதற்குப் பின்னால் லேத் பட்டறை, அதற்குப் பின்னால் டீக்கடை என்று வரிசை கட்டியது. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆனது.

எல்லோரும் மோட்டார் சைக்கிளையும் வாட்சையும் பற்றிப் பேசுவார்கள். ஆனால் பிஸ்டனோ, பல்சக்கரமோ, கைக்கடிகாரமோ, குளிரவைத்த ரோஜாப் பூவோ, இந்த ஊரிலிருந்து எது வெளியே போனாலும் கிட்டத்தட்ட எல்லாமே ஓர் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துதான் போகிறது. அந்தப் பெட்டியைச் செய்வதற்கென்று சந்துக்குச் சந்து சின்னச் சின்ன யூனிட்டுகள். 'கொருகேட்டட் பாக்ஸ்' என்று போர்டு இருக்கும். பேச்சில் 'பாக்ஸ் கம்பெனி'.

சில வருடங்களுக்கு முன் சிறுதொழில்கள் பற்றி எழுதுவதற்காக அப்படி ஒரு பாக்ஸ் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குப் பழுப்புப் பேப்பர் ரீல்கள். கஞ்சிப் பசை வாசனை. பின் அடிக்கும் மெஷின் 'டக் டக் டக்' என்று நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. நடத்துகிறவர் ஒரு பெண்மணி, நாற்பதை ஒட்டிய வயது. இதே மாதிரி இன்னொரு யூனிட்டில் பத்து வருடம் பசை தடவும் வேலை பார்த்துவிட்டு, பழைய மெஷின் ஒன்றைக் கடனில் வாங்கிச் சொந்தமாகத் தொடங்கியவர். என்னிடம் தமிழ், மெஷின்காரரிடம் தெலுங்கு, போனில் கன்னடம், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களிடம் அவருக்கே உரிய ஒரு இந்தி. அந்தப் பக்கம் இதெல்லாம் சகஜம்.

அவருடைய பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடுக்கி வைத்த அட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. கணக்கு இது: பக்கம் 30 செ.மீ. கொண்ட கனச்சதுரப் பெட்டியின் மொத்தப் புறப்பரப்பு என்ன?

"முப்பது முப்பது தொள்ளாயிரம். ஆறு முகம். ஐயாயிரத்து நானூறு" என்று முணுமுணுத்தபடி எழுதினாள்.

அம்மா அட்டையை எண்ணிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "ஏழாயிரத்து இருநூறுடி."

"இல்லம்மா. புக்குல பின்னாடி ஆன்சர் ஐயாயிரத்து நானூறுன்னுதான் போட்டிருக்கு."

"புக்கு எழுதினவரு பெட்டி மடிச்சுப் பாத்திருக்க மாட்டாரு. ஐயாயிரத்து நானூறுல மூடியே வராது."

பெண் என்னைப் பார்த்தாள். படித்தவன் மாதிரி இருக்கிறானே, பஞ்சாயத்துப் பண்ணுவான் என்ற நம்பிக்கை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் ஒரு பெட்டியை எடுத்து, ஒட்டுப்போட்ட இடத்தில் பின்னைக் கத்தியால் நெம்பி, தரையில் விரித்துப் போட்டார்.

விரித்த பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கவனித்திருக்க மாட்டீர்கள். அது ஒரே நீளமான அட்டை. நடுவே நான்கு சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. நீளம், அகலம், மறுபடி நீளம், மறுபடி அகலம். ஒவ்வொரு சுவருக்கும் மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. ஆக எட்டு மடிப்பு. இவர்கள் 'ஃப்ளாப்' என்கிறார்கள்.

மூடும்போது நீளப் பக்கத்து ஃப்ளாப்புகள் இரண்டும் நடுவில் வந்து முட்ட வேண்டும். அப்போதுதான் டேப் ஒட்ட முடியும். அதற்கு ஒவ்வொரு ஃப்ளாப்பும் பெட்டியின் அகலத்தில் பாதி இருக்க வேண்டும். ஒரே அட்டையிலிருந்து வெட்டுவதால் அகலப் பக்கத்து ஃப்ளாப்புகளுக்கும் அதே பாதி அகலம்தான் கிடைக்கும். இந்த இரண்டும் உள்ளே மடிந்து, மேல் ஃப்ளாப்புகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மூடியபின் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பெண்மணி பேனாவை வாங்கிக்கொண்டு அட்டையின் மேலேயே எழுதினார். அட்டையின் நீளம்: 2 (நீளம் + அகலம்). அட்டையின் உயரம்: பெட்டியின் உயரத்தோடு மேலே பாதி அகலம், கீழே பாதி அகலம். அதாவது உயரம் + அகலம். இரண்டையும் பெருக்கு. 30 செ.மீ. பெட்டிக்கு 120 × 60. ஏழாயிரத்து இருநூறு சதுர செ.மீ. ஒட்டுவதற்கு ஓரத்தில் விடும் இரண்டு விரல்கடையும், வெட்டி எறியும் ஓரமும் தனி.

புத்தகத்தின் விடையைவிட 1,800 கூடுதல். எங்கே போயிற்று இந்த 1,800? மேலே உள்ளே மடிந்த இரண்டு ஃப்ளாப் சேர்ந்து 900. கீழே 900. மடிப்புக்குள் போயிற்று.

ஓட்டலுக்குத் திரும்பி வந்து பொதுவாகவே போட்டுப் பார்த்தேன். அட்டையின் பரப்பிலிருந்து புறப்பரப்பைக் கழித்தால் எந்த அளவுப் பெட்டிக்கும் மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: அகலத்தின் வர்க்கம், அதைப் போல் இரண்டு மடங்கு. நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. இரண்டு அகல வர்க்கம். பாடப்புத்தகத்துக்கும் பாக்ஸ் கம்பெனிக்கும் நடுவே இருக்கிற தூரம் அவ்வளவுதான்.

"எங்க சார் கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அவசியமே இல்லாமல் அவரே சொன்னார்.

சொந்தமாக ஆரம்பித்த முதல் வருடம். டிப்ளமா முடித்த தம்பி ஒத்தாசைக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அக்கா ரீல் வாங்க வெளியூர் போயிருந்த நாளில் ஒரு கம்பெனியிலிருந்து விலை கேட்டு போன். பத்தாயிரம் பெட்டி, முப்பதுக்கு முப்பதுக்கு முப்பது. தம்பி கெட்டிக்காரன். கால்குலேட்டரை எடுத்தான். ஆறு முகம், 5,400 சதுர செ.மீ. பேப்பர் விலை, கூலி, லாபம் எல்லாம் போட்டுக் கொட்டேஷன் அனுப்பிவிட்டான். மற்றவர்களைவிட விலை குறைவு. குறையாமல் எப்படி இருக்கும்? ஆர்டர் உடனே வந்தது. வீட்டில் பாயசம் வைத்திருக்கிறார்கள்.

ரீல் தீர்ந்துபோன பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 1,800 சதுர செ.மீ. அட்டை குறைகிறது. மூன்று பிளை அட்டை என்றால் மூன்று பேப்பர்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் அலை அலையாக ஒன்று. அலையாக மடிப்பதால் நடுப் பேப்பர் நீளம் அதிகம் பிடிக்கும். பாவாடைக்குச் சுருக்கம் வைக்கத் துணி அதிகம் பிடிக்கிற மாதிரி. சிற்றலைக்கு ஏறக்குறைய 1.35 மடங்கு. ஆக ஒரு சதுர மீட்டர் அட்டைக்கு 3.35 சதுர மீட்டர் பேப்பர். 1,800-ஐ 3.35-ஆல் பெருக்கினால் சுமார் 6,000 சதுர செ.மீ. அவர்கள் போட்டது 120 ஜி.எஸ்.எம். பேப்பர். ஒரு சதுர மீட்டர் 120 கிராம் எடை என்று அர்த்தம். பெட்டிக்கு 72 கிராம். அப்போது கிலோ 35 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். பெட்டிக்கு இரண்டரை ரூபாய். பத்தாயிரம் பெட்டிக்கு 25,000 ரூபாய்.

பெட்டிக்குப் பைசாக்களில் லாபம் பார்க்கிற தொழில். வார்த்தை கொடுத்தாகிவிட்டது. முதல் ஆர்டரிலேயே பின்வாங்கினால் சிப்காட் முழுக்கப் பேர் கெட்டுவிடும். காதில் கிடந்த கம்மலும், தாலிக்கொடியோடு போட்டிருந்த சங்கிலியும் அடகுக்கடைக்குப் போயின. பத்தாயிரம் பெட்டியும் சொன்ன தேதிக்கு டெலிவரி ஆயிற்று.

"தம்பிய ஒண்ணும் சொல்லல சார். அவன் படிச்சதை அவன் போட்டான். அவன் படிச்சது தப்பும் இல்ல. ஆனா அந்தக் கேள்வி வேற, இந்தக் கேள்வி வேற."

நானும் காமர்ஸ் படித்தவன்தான். காஸ்ட் அக்கவுன்டிங் என்று ஒரு பேப்பர், மூன்று மணி நேரப் பரீட்சை. 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்' என்று இரண்டு இனம் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த 1,800 எந்த இனம்? இரண்டும் இல்லை. நட்டமே இல்லை அது. கீழே உள்ளே மடிந்திருக்கும் ஃப்ளாப்தான் சரக்கின் கனத்தைக் கூட இருந்து தாங்குகிறது. மேலே மடிந்ததுதான் கத்தி வைத்து டேப்பைக் கிழிக்கும்போது உள்ளே இருக்கும் பொருள் கீறாமல் காப்பாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை பார்ப்பதால் கொட்டேஷனில் மறந்துபோனார்கள். குடும்பத்திலும் இப்படி மறக்கப்படுகிறவர்கள் உண்டு. அது வேறு கட்டுரை.

* * *

இந்த விஷயத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது.

ஒரே அளவு பொருளை அடைக்க எந்த வடிவப் பெட்டிக்குப் புறப்பரப்பு குறைவு? கனச்சதுரத்துக்கு. இது நிரூபிக்கப்பட்ட உண்மை. சந்தேகமே வேண்டாம். அப்படியானால் அட்டை மிச்சம் பிடிக்க எல்லாப் பெட்டியையும் கனச்சதுரமாகவே செய்துவிடலாமே?

கூடாது. 30 செ.மீ. கனச்சதுரத்தின் கொள்ளளவு 27,000 கன செ.மீ. அதே 27,000-ஐ 36 நீளம், 20 அகலம், 37.5 உயரம் என்று ஒரு பெட்டியிலும் அடைக்கலாம். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். இதன் புறப்பரப்பு 5,640. கனச்சதுரத்தைவிட 240 அதிகம். ஆனால் வெட்ட வேண்டிய அட்டை? 112 × 57.5. அதாவது 6,440. கனச்சதுரத்துக்கு 7,200. வெளியே அதிகம், செலவு குறைவு!

காரணம் பாக்ஸ்காரரின் சூத்திரத்திலேயே இருக்கிறது. 2 (நீளம் + அகலம்) × (அகலம் + உயரம்). நீளம் ஓர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. உயரம் இன்னொன்றுக்குள். அகலம் மட்டும் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்குகிற ஆளைத்தான் முதலில் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போட்டால் அழகான விடை வருகிறது: நீளம் 2, அகலம் 1, உயரம் 2. இந்த விகிதத்தில் பெட்டி இருந்தால் அட்டைச் செலவு மிகக் குறைவு. கல்லூரியில் வகையீட்டு நுண்கணிதம் படித்த பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் போட்டுவிடலாம்.

என்ன லாபம்? பெட்டிக்கு 760 சதுர செ.மீ. அட்டை. முன் சொன்ன அதே பேப்பரில் 30 கிராம். அதே விலையில் ஒரு ரூபாய்ச் சொச்சம். ப்பூ, ஒரு ரூபாயா என்கிறீர்கள். வருடம் ஒரு லட்சம் பெட்டி வாங்குகிற கம்பெனிக்கு அது மூன்று டன் பேப்பர், ஒரு லட்ச ரூபாய். அந்த மூன்று டன்னும் மரத்திலிருந்தோ பழைய பேப்பரிலிருந்தோ, தண்ணீரும் நெருப்பும் செலவழித்து வந்தது.

அப்புறம் ஏன் எல்லாப் பெட்டியும் 2:1:2 இல்லை? பொருள் சம்மதிக்க வேண்டாமா? ரோஜாப் பூவைக் காம்போடு படுக்க வைக்க நீளமான பெட்டிதான் சரி. லாரிக்குள் இடுக்கு விழாமல் அடுக்க வேண்டும். ஒல்லியாக உயர்ந்த பெட்டி குலுக்கலில் சாயும். வாய் குறுகினால் அடைக்கிறவருக்கு நேரம் பிடிக்கும். பலம் வேறு பார்க்க வேண்டும். 1963-ல் அமெரிக்காவில் மெக்கீ என்பவரும் கூட்டாளிகளும் ஒரு பெட்டி தலைமேல் எவ்வளவு கனம் தாங்கும் என்று ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அட்டை விளிம்பின் வலு, அட்டையின் தடிமன், பெட்டியின் சுற்றளவு இவைதான் அதன் எளிய வடிவத்தில் வருகின்றன. இதெல்லாம் போக, 'உள் அளவா, வெளி அளவா?' என்று ஒரு கேள்வி உண்டு. ஐந்து பிளை அட்டையில் இரண்டு பக்கத்துச் சுவர் கனமும் சேர்ந்து ஒரு செ.மீ.க்கு மேல் தின்றுவிடும். இதைக் கேட்காமல் பெட்டி அடித்தால் பொருள் உள்ளே போகாது. கேட்டவர் பிழைத்தார்.

அலை அட்டையின் ஜாதகமே வேடிக்கையானது. 1856-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக அலை அலையான பேப்பருக்குக் காப்புரிமை வாங்கியபோது அது பெட்டிக்காக இல்லை. கனவான்கள் போட்டுக்கொள்ளும் உயரமான தொப்பிக்கு உள்ளே வைக்க! 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டிலையும் விளக்குக் கண்ணாடியையும் சுற்றி அனுப்ப அதைப் பயன்படுத்தினார். தட்டை மடியும் பெட்டி வந்தது இன்னொரு விபத்தில். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் கெய்ர் என்பவரின் பேப்பர் பை தொழிற்சாலை. 1879-ல் அச்சு மெஷினில் மடிப்புக் கோடு போட வேண்டிய இரும்புப் பட்டை கொஞ்சம் உயர்ந்துபோய், பைகளை வெட்டித் தள்ளிவிட்டது. பாழாய்ப்போன பைகளைப் பார்த்தவருக்கு யோசனை வந்தது: வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அடியில் செய்தால் என்ன?

அன்றிலிருந்துதான் பெட்டி தட்டையாகப் பயணம் செய்கிறது. இல்லாவிட்டால் லாரி நிறையக் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்படும் வரை எல்லையில் வரிசை கட்டி நின்ற லாரிகளில் இந்தத் தட்டைப் பெட்டிகளும் நின்றிருக்கின்றன. தட்டையாகப் போனாலும் வண்டி வாடகை கட்டுப்படியாகிற தூரம் குறைவு. அதனால்தான் பாக்ஸ் கம்பெனிகள் தொழிற்சாலையின் நிழலிலேயே குடியிருக்கின்றன.

* * *

ஓசூரிலிருந்து நெடுஞ்சாலை 44-ல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் இறங்கினால் கிருஷ்ணகிரி. இங்கே கனச்செவ்வகம் அட்டை இல்லை, கல்.

மாம்பழத்துக்குப் பேர் போன மாவட்டம் கிரானைட்டுக்கும் பேர் போனது. பர்கூர் பக்கம் ரோட்டோரத்தில் யானை மாதிரி உட்கார்ந்திருக்கும் கல் பாளங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்துக் கல் ஒன்று 'பாரடைசோ' என்று இத்தாலியப் பெயர் வைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறது.

ஒரு பாளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 9 கன மீட்டர். எடை 24 டன்னைத் தொடும். சூத்திரப்படி புறப்பரப்பு 27 சதுர மீட்டர். இந்த 27-க்கு யாரும் காலணா தர மாட்டார்கள். கரடுமுரடாக, துளை போட்ட தடம் தெரிய, மண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதை மெஷினில் வைத்து இரண்டு செ.மீ. பலகைகளாக அறுக்கிறார்கள். ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் அரை செ.மீ. தின்கிறது என்று வைத்தால் ஒரு பலகைக்கு இரண்டரை செ.மீ. இரண்டு ஓரத்திலும் கழித்ததுபோக 55 பலகை தேறும். ஒவ்வொன்றும் 6 சதுர மீட்டர். பாலிஷ் போடுவது ஒரு முகத்துக்கு மட்டும். ஆக 330 சதுர மீட்டர். சதுர அடியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல்!

கல் அதேதான். இன்னும் சொன்னால் ஐந்தில் ஒரு பங்கு ரம்பத்துக்கு இரையாகி, சாம்பல் நிறச் சேறாகப் போய்விட்டது. அந்தச் சேற்றைக் கொட்ட இடம் தேடுவது தனிப் பிரச்னை. ஆனால் விற்கக்கூடிய பரப்பு 27-லிருந்து 330 ஆகிவிட்டது. மலையில் கன மீட்டரில் வெட்டி எடுக்கிறார்கள், ஷோரூமில் சதுர அடியில் விற்கிறார்கள். நடுவில் இருக்கிற மொத்த வியாபாரமும், கன அளவைப் புறப்பரப்பாக மாற்றுகிற வித்தைதான். உங்கள் சமையலறை மேடையில் நீங்கள் தினம் துடைக்கும் வழவழப்பு, போன வருடம் வரை ஒரு பாறையின் வயிற்றுக்குள் இருந்தது.

ஓசூரில் மடிப்புக்குள் போன பரப்பைக் கணக்கில் சேர்த்தால்தான் பிழைக்க முடியும். கிருஷ்ணகிரியில் கல்லுக்குள் இருக்கிற பரப்பை வெளியே எடுத்தால்தான் பிழைக்க முடியும். இரண்டு இடத்திலும் பாடப்புத்தகச் சூத்திரம் அப்பழுக்கில்லாமல் சரி. பெட்டிக்கு வெளியே பளபளப்புக் காகிதம் ஒட்ட எவ்வளவு தேவை என்று கேட்டால் அது கச்சிதமான விடை சொல்லும். அட்டை எவ்வளவு வாங்க வேண்டும், பலகை எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விகளை அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

நம் பிள்ளைகளுக்குச் சூத்திரத்தைக் கொடுத்துவிடுகிறோம். அது எந்தக் கேள்விக்கான பதில் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். டிப்ளமா படித்த தம்பிக்குத் தெரியாமல் போனது கணக்கு இல்லை. பெட்டி எப்படி மடிகிறது என்பது. அதைத் தெரிந்துகொள்ள லேப் வேண்டாம், ஸ்மார்ட் கிளாஸ் வேண்டாம். அளவியல் பாடம் நடத்தும் அன்று மளிகைக்கடையிலிருந்து நாலு காலிப் பெட்டி, ஒரு கத்தரிக்கோல், ஒரு ஸ்கேல். பிரிக்கச் சொல்லி, அளக்கச் சொல்லி, "ஏன் அதிகமா வருது?" என்று கேட்டுவிட்டு வாத்தியார் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். கடைசி பெஞ்சு கட்டாயம் முன்னால் வந்துவிடும். கைவேலை என்றால் அவன்தான் கெட்டிக்காரன்.

வாத்தியாருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றால், இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரும் பார்சலிலேயே ஆரம்பிக்கலாம். அட்டைப்பெட்டியைக் கிழித்து எறிவதற்கு முன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒட்டைப் பிரித்துத் தரையில் விரித்து அளந்து பாருங்கள். எட்டு ஃப்ளாப்பும் ஒரே உயரம் உள்ள சாதாரணப் பெட்டியாக இருக்கட்டும். ஒட்டுப் பட்டையைச் சேர்க்காதீர்கள். புறப்பரப்பைவிட இரண்டு அகல வர்க்கம் கூடுதலாக வரும். அட்டையின் கனத்தால் அங்கே இங்கே கொஞ்சம் தள்ளும், விட்டுவிடுங்கள்.

வந்தால், பக்கத்து ஃப்ளாட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். பரீட்சையில் எதை எழுதுவது என்று அது நிச்சயம் கேட்கும். புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொல்லுங்கள், ஐந்து மார்க்கை யார் விடுவது? ஆனால் என்றைக்காவது யாராவது போனில் பத்தாயிரம் பெட்டிக்கு விலை கேட்டால், முதலில் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.